பச்சை இலைத்தத்திகளின் இனங் காணல்

நெல் விளையும் நாடுகளில், மாலையில் விளக்கேற்றிய சிறிது நேரத்துள் அதன் ஒளியை நாடி வந்து விழும் பச்சைநிறச் சிறு பூச்சியைக் காணாதவர் இலர். அதன் நீளம் 4 முதல் 6 மில்லிமீற்றர் வரையே. தலைப்புறம் அகன்று, பின்புறம் ஒடுங்கி, ஆப்பினைப் போன்ற உடலமைப்பு உடையது. கை அணுகியவிடத்து உடனே பறந்துவிடாமல், முதலிற் பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபுறத்தே ஒளிக்கும். மேலும் நெருங்கினால் ஒரே பாய்ச்சலில் தத்தி மறையும். இவ்வியல்பு பற்றியே இலைத்தத்தி என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. கமக்காரனுடைய கண்ணுக்கு இவையெல்லாம் ஒரே பூச்சி. விலங்கியலாரோ இவற்றை நெபோதெற்றிக்ஸ் என்னுஞ் சாதியில் அடக்கி, அச்சாதியைப் பல இனங்களாகப் பிரிப்பர்.

ஒன்றையொன்று முற்றும் ஒத்தனபோலத் தோன்றும் பூச்சிகளுக்குத் தனித்தனிப் பெயரிடுதல் நூலோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவாரும் உளர். பல விடயங்களில் அவர் கூற்று முற்றிலும் பிழையன்று. ஆயின் பச்சை இலைத்தத்தி விடயத்தில் அவ்வாறு கூறிவிட முடியாது. ஒரே வயலில், ஒரே நெற்பயிரில், அருகருகே இருந்து சாறுறிஞ்சும் இரண்டு இனங்களுள் ஒன்று பயிரைச் சாய்க்கும் வைரசு நோயை விரைவிற் பரப்புகின்றது. மற்றையது அதனை மிகக் குறைவாகவே பரப்புகின்றது. எது எதுவெனப் பிரித்தறியாதவிடத்து, வயலிற் கணக்கெடுத்த பூச்சித்தொகை எதனையும் உணர்த்தாது. இவ்வினங்களைப் பிரித்தறிவதற்கு ஆராய்ச்சியாளர் முதலில் நிறத்தையும், பின்னர் உடலின் உள்ளே மறைந்துள்ள ஒரு சிற்றுறுப்பையும் துணைக்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

முதலில், வேறொரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். கமக்காரரால் அறக்கொட்டியான் என வழங்கப்படும் கபிலத்தத்தியும் நெல்லையே தாக்குவது; ஆயினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிய நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. நல்ல கைவில்லை ஒன்று போதும். இலைத்தத்தியின் பின்காலில், கணையின் நீளத்துக்கு வரிசை வரிசையாக முட்கள் சீப்பின் பற்கள்போல் நிற்கும். கபிலத்தத்தியின் குடும்பத்திலோ கணையின் நுனியில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று உண்டு. கபிலத்தத்தி பயிரின் அடித்தண்டில் நீர்மட்டத்துக்கு அண்மையிலே கூடியிருக்கும். பச்சைத்தத்தி பெரும்பாலும் இலைகளிலும் பயிரின் மேற்பகுதியிலும் காணப்படும். குடும்பத்தை அறிதல் இவ்வளவிலே முடிந்துவிடும். சாதிக்குள்ளே இனத்தைத் தேடும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது.

இதன் பயனை விளக்குவது துங்ரோ என்னும் நோய். நோயுற்ற நெற்பயிர் குறுகும், இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறும், மட்டங்கள் குறையும், பூத்தல் பிந்தும், கதிர்கள் சிறுத்துப் பதராகும். மலாயாவில் இது செந்நோய் என்னும் பொருள்பட வழங்கிற்று. ஆங்கு மண்ணின் குறைபாடே இதற்குக் காரணம் எனப் பலர் நெடுங்காலம் கருதியிருந்தனர். பிலிப்பைன்சு நாட்டின் லொஸ் பாஞோசில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையத்தில் ரிவேரா, ஊ என்னும் இருவர் நிகழ்த்திய சோதனைகள் 1965இல் வெளிவந்தன. துங்ரோ வைரசினால் உண்டாவதென்பதும், அதனைக் காவிச்செல்வது பச்சை இலைத்தத்தி என்பதும் அவற்றால் தெளிவாயின. பின்னைய ஆராய்ச்சிகளால், ஒன்றல்ல, இரண்டு வைரசுகள் இந்நோயிற் பங்குபற்றுகின்றன என்பது வெளிப்பட்டது. ஒன்று கோலுருவினது, மற்றையது கோளவுருவினது. பயிரைக் கெடுக்கும் அறிகுறிகளைப் பெரும்பாலும் தோற்றுவிப்பது கோலுரு வைரசு. ஆனால் அது தனித்து ஒரு பயிரிலிருந்து மற்றொரு பயிருக்குச் செல்ல இயலாது. கோளவுரு வைரசை முன்னரே பெற்றிருக்கும் தத்தியே அதனைக் கொண்டுசெல்லும்.

தத்திக்கும் துங்ரோவுக்கும் உள்ள தொடர்பு நீடித்ததன்று. அரைமணி நேரத்துக்கு உட்பட்ட உறிஞ்சலிலேயே தத்தி நோயைப் பெற்றுவிடலாம். அதன்பின் காத்திருக்கும் காலமின்றி அடுத்த பயிருக்கு அதனைக் கொடுக்கவும் வல்லது. ஆயின், நோயுற்ற பயிரைத் திரும்பவும் அடையாவிடின் அவ்வாற்றல் சில நாள்களிலே அற்றுப்போகும். தோல் கழற்றும்போதும் அற்றுப்போகும். முட்டை வழியாகச் சந்ததிக்குச் செல்வதில்லை. இதே சாதியைச் சேர்ந்த யப்பானிய இனமொன்றிலோ நிலைமை நேர்மாறானது. ஆங்கு நெற்குறளை நோயின் வைரசு தத்தியின் உடலினுள்ளே பெருகி, முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. இதனை 1933இல் புகுசி என்னும் அறிஞர் வெளிப்படுத்தியமை, வைரசு நோயாராய்ச்சியிலே பெரிய திருப்பமாகக் கொள்ளப்படும். ஒரே சாதியின் இரண்டு இனங்கள் இவ்வளவு வேறுபட்ட முறையில் நோய்களைக் காவுமாயின், ஓர் இனத்தைப் பற்றிய முடிபை மற்றோரினத்துக்கு ஏற்றிக் கூறுதல் எத்துணைத் தவறாகும் என்பது வெளிப்படை.

இனி இனங்களை நோக்கலாம். ஆசிய நெல்வயல்களில் முதன்மை பெறுவன மூன்று. வெப்பநாடுகளில் விரெசென்ஸ், நிக்ரோபிக்ரஸ் என்னும் இரண்டும் கலந்து வாழ்கின்றன. இலங்கையும் தென்னிந்தியாவும் இவ்வெல்லையுள் அடங்கும். யப்பான், கொரியா, சீனா முதலிய இடைவெப்ப நாடுகளுக்கு உரியது சிங்ரிசெப்ஸ். துங்ரோவைப் பரப்புவதில் முதலிடம் பெறுவது விரெசென்ஸ். அது ஏறக்குறைய நெல்லையே நம்பி வாழ்வது. நிக்ரோபிக்ரஸ் நெல்லிலும் வாழும். வரம்பிலும் வாய்க்காலோரத்திலும் வளரும் புற்களிலும் வாழும். நெல் இல்லாக் காலத்திலும் அது வயற்புறத்தை விட்டு நீங்காமைக்கு இதுவே காரணம்.

புறத்தோற்றத்தில் இவற்றைப் பிரிக்க முயல்வோர் ஆண் பூச்சிகளையே நோக்குவர். கரிய குறிகள் தெளிவாக அமைவது அவற்றிலேதான். நிக்ரோபிக்ரஸ் ஆணின் தலையுச்சியில், முன்விளிம்பை அடுத்து, ஒரு கண்ணிலிருந்து மறுகண்வரை கரிய பட்டை ஒன்று ஓடும். அதன் முன்மார்பின் மேற்றகட்டின் முன்விளிம்பும் கருமை தோய்ந்திருக்கும். முன்சிறகின் நடுவிலுள்ள கரிய புள்ளி பெரிதாகி, சிறகின் உள்ளோரப் பகுதியைப் பிரித்துக்காட்டும் பொருத்துக்கோட்டைத் தொட்டு நிற்கும். விரெசென்ஸ் ஆணிலோ தலைப்பட்டை இல்லை. முன்மார்பின் விளிம்பும் பச்சையே. சிறகுப் புள்ளி சிறிது, பொருத்துக்கோட்டைத் தொடாது. விரெசென்சின் தலை நடுவிற் சற்று நீண்டு கூர்மைப்படும். நிக்ரோபிக்ரசின் தலை அவ்வளவு கூராது. சிங்ரிசெப்சிலே தலைப்பட்டை உண்டு, ஆனால் சிறகின் நடுப்புள்ளி இல்லை. மூன்றின் ஆண்களுக்கும் சிறகின் நுனி கருமையாய் இருக்கும். பெண்களில் அது வெளிறிய கபிலநிறமாகும்.

ஏட்டிலே படிக்கும்போது இவை போதிய வேறுபாடுகள் என்றே தோன்றும். வயலிலிருந்து நூறு தத்திகளை வலைவீசிப் பிடித்து மேசையிற் பரப்பினால் அவ்வுறுதி தளர்ந்துவிடும். விரெசென்சின் சிறகுப் புள்ளி சிலவற்றில் முற்றாக மறைந்திருக்கும். சிலவற்றிற் பெரிதாகிப் பொருத்துக்கோட்டை அணுகும். நிக்ரோபிக்ரசின் தலைப்பட்டை மெலிந்து, இடையில் அறுந்தும் காணப்படலாம். பெண்களில் இக்குறிகள் பெரும்பாலும் மங்கியே இருக்கும். உலர்ந்த பூச்சியிற் பச்சைநிறம் மஞ்சளாக மாறிவிடும். நிறமென்பது பூச்சியின் மேற்றோலிற் படிந்த பொருள். அதன் அளவு ஓரினத்துள்ளேயே கூடியுங் குறைந்தும் அமையும். அதனை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவர்கள் ஒரே இனத்துக்கு இரு பெயரிட்டதும், இரு இனங்களை ஒரு பெயரால் வழங்கியதும் வியப்பன்று.

இதற்குச் சான்று அப்பெயர்களிலேயே உண்டு. பபிரீசியஸ் 1803இல் இட்ட பைபங்ரேற்றஸ் என்னும் இலத்தீன் பெயர் இருபுள்ளியுடையது எனப் பொருள்படும். உருசியராகிய மொட்சுல்ஸ்கி 1859இல் இட்ட அப்பிகாலிஸ் என்பது நுனியைச் சுட்டும். சுவீடன் நாட்டு ஸ்ரோல் 1870இல் இட்ட நிக்ரோபிக்ரஸ், கருமை தீட்டியது. அமெரிக்கரான ஊலர் 1896இல் இட்ட சிங்ரிசெப்ஸ், கச்சையணிந்த தலையினது. டிஸ்டன்ற் 1908இல் இட்ட விரெசென்ஸ், பசுமை படர்ந்தது. யப்பானியப் பேராசிரியர் இசிகாரா 1964இல் இட்ட இம்பிக்ரிசெப்ஸ், தீட்டப்படாத தலையினது. ஆறு பெயர்களுள் ஐந்து வண்ணத்தையோ புள்ளியையோ பட்டையையோ நேரே பேசுகின்றன. எஞ்சிய ஒன்றும் குறி அமைந்த இடத்தைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றது. உடலுறுப்பின் அமைப்பைக் குறிப்பது ஒன்றுமில்லை. பெயர் இட்டவர்கள் எதனைப் பார்த்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறவியலாது.

தமக்கு முன்னாற் பிறர் கண்டது எது என்பதை அறியாது பெயரிட்டமையாலும் குழப்பம் மிகுந்தது. இந்தியாவிலும் பிற நாடுகளிலும் வெளிவந்த பழைய விவசாய நூல்களிற் பச்சைத்தத்தி, பைபங்ரேற்றஸ் எனவும் அப்பிகாலிஸ் எனவும் இரு பெயர்களால் வழங்கிற்று. யப்பானிய இனத்தையோ சிலர் தனியினமாகக் கொள்ளாது, இவற்றுள் ஒன்றன் வகையெனவே எழுதிவந்தனர். துங்ரோ பற்றிய முதற் கட்டுரைகளிற் காவியின் பெயர் இம்பிக்ரிசெப்ஸ். பிற்காலத்துக் கட்டுரைகளில் அது விரெசென்ஸ். இரண்டும் ஒரே பூச்சியே என்பதை அறியாத மாணவன், துங்ரோவுக்கு இரண்டு காவிகள் உண்டெனக் குறிப்பெழுதிக்கொள்வான்.

நிறத்தை விட்டு உறுப்பை நோக்கும் முறை நெல்லாராய்ச்சியில் தொடங்கியதன்று. ஒவ்வோரினத்தின் ஆண்பெண் புணர்ச்சியுறுப்புகளும் பூட்டும் திறவுகோலும் போல் தம்முட் பொருந்துவன என்றும், அதனாலேயே இனங்கள் கலவாது நிற்கின்றன என்றும் 1844இல் லியோன் துபூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் கூறினார். அவர் கூறிய காரணம் பின்னர் மறுக்கப்பட்டது. ஆனால் அவ்வுறுப்புகள் இனத்துக்கினம் வேறுபடும் என்னும் உண்மை நிலைத்தது. இலைத்தத்திகளில் அதன் முழுப் பயனையும் காட்டியவருள் ஒருவர் அமெரிக்கராகிய டிலோங். அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரின் இலைநுனி கருகும் கேடு இலைத்தத்தியினாலேயே உண்டாகின்றது என்பதை 1918இல் போல் என்பவர் நிறுவியிருந்தார். எம்போவாஸ்கா என்னுஞ் சாதியைச் சேர்ந்த அத்தத்தியும் அப்பிள் மரத்திலே வாழும் தத்தியும் வெளிறிய பச்சைநிறமுடையன. புறத்தே குறியென்று சொல்லத்தக்கது அரிது. ஆகவே ஒன்றன் வாழ்க்கை வரலாறு மற்றையதன் மேலேற்றப்பட்டது. அப்பிள் மரத்துக்கு மருந்தடித்தால் உருளைக்கிழங்கு காப்பாற்றப்படுமா என்னும் வினாவுக்கே விடை காணமுடியாத நிலை. டிலோங் 1931இல் வெளியிட்ட நூலில் இச்சாதியின் அமெரிக்க இனங்களை ஆணின் உட்புற உறுப்புகளைக் கொண்டு வரையறை செய்தார். ஓரினம் என எண்ணப்பட்டவற்றுட் பல இனங்கள் மறைந்திருந்தமை அப்போது வெளியாயிற்று. ஐரோப்பாவில் இதே முறையை, பிரான்சு நாட்டுத் தத்திகளைப் பற்றி 1936இலும் 1952இலும் வெளிவந்த இரு பெருந்தொகுதிகளில் ரிபோ என்பவர் கையாண்டார்.

அவ்வுறுப்பைக் காணும் முறை எளிது, பொறுமையே வேண்டுவது. ஆண் தத்தியின் வயிற்றுப்பகுதியை நுண்ணிய ஊசியாற் பிரித்தெடுத்து, நூற்றுக்குப் பத்து வீதமான பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலில் ஓரிரவு வைத்தல் வேண்டும். விரைவு வேண்டுமாயிற் சில நிமிடம் சூடாக்கலாம். தசையும் கொழுப்பும் கரைந்து நீங்க, கைற்றினாலாய வன்கூடு மட்டும் எஞ்சும். அதனை நீரிற் கழுவி, கிளிசரீன் துளியிலிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் மேற்புறமாகவும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பக்கவாட்டிற் காண்பது ஓருருவம், மேற்புறமாகக் காண்பது வேறோருருவம் ஆதலின், ஒரே நிலையில் வரைந்த படத்தை நம்பி முடிவுசெய்தல் ஆகாது. பார்த்து முடிந்தபின் அவ்வுறுப்பை எறிந்துவிடாமல், கிளிசரீன் உள்ள மிகச் சிறிய குழாயிலிட்டு, அப்பூச்சியைக் குத்திய ஊசியிலேயே அதன்கீழ் மாட்டிவைப்பர். பூச்சியும் அதன் உறுப்பும் பிரிந்துபோயின், ஐம்பது ஆண்டு கழித்து ஐயந்தீர்க்க வருபவர் எதனைப் பார்ப்பார்?

கண்ணுக்குப் புலனாவது சிறு எந்திரத்தை ஒத்ததோர் அமைப்பு. வயிற்றின் இறுதி வளையம் இருபுறமும் சுவர்போல் நின்று உள்ளுறுப்புகளை மூடும். அதன்கீழ் இரண்டு தட்டுகள். அவற்றின் மேலே கொளுக்கிபோன்ற இரு பக்கவுறுப்புகள். அவற்றை நடுவிலுள்ள புணர்தண்டோடு தொடுப்பது சிறிய இணைப்பு ஒன்று. நெபோதெற்றிக்ஸ் சாதியிலே புணர்தண்டின் இருபுறமும் நுண்ணிய முட்கள் இணையிணையாக நிற்கும். அம்முட்களின் தொகை, ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி, தண்டின் எப்பகுதியில் அவை தொடங்குகின்றன என்பது, தண்டு நுனியின் வடிவம் ஆகியவை இனத்துக்கினம் வேறுபடுகின்றன. இறுதி வளையத்தின் ஓரத்திலுள்ள முட்களும் துணைச்சான்றாகும். சிறகுப் புள்ளி பெரிதாயினும் சிறிதாயினும், தலைப்பட்டை இருந்தாலும் அழிந்தாலும், இம்முட்களின் ஒழுங்கு பெரிதும் மாறுவதில்லை.

இவ்வொழுங்கைக் கொண்டே பேராசிரியர் இசிகாரா 1964இல் இச்சாதியைத் திருத்தி வகுத்தார். எனினும் அவ்வகுப்பும் முற்றுப்பெற்றதாகவில்லை. நான்கே ஆண்டுகளில், 1968இல், மலாயாவிலிருந்து மலயானஸ், பார்வஸ் என்னும் இரண்டு புதிய இனங்களை அவரும் கவசேயும் சேர்ந்து விவரித்தனர். அதுவரை அவையும் பச்சைத்தத்தி என்ற பொதுப்பெயருள் மறைந்துகிடந்தன.

உறுப்பை ஆராய்ந்து இனத்தைப் பிரித்துவிடலாம். ஆனால் பிரித்த இனத்துக்கு உரிய பெயர் எது என்பதை உறுப்பு தானாகச் சொல்லாது. அதற்கு, முதன்முதல் ஓரினத்தை விவரித்தவர் தம் கையிலே வைத்திருந்த மூலமாதிரியைத் தேடிச்செல்லுதல் வேண்டும். அவ்வரிய முயற்சியை மேற்கொண்டவர் இலண்டனில் அக்காலத்திருந்த பொதுநலவாயப் பூச்சியியல் நிலையத்தைச் சேர்ந்த கவுரி என்னும் அறிஞர். அருங்காட்சிச்சாலைகளில் இருந்த மூலமாதிரிகளை ஆராய்ந்து அவர் 1971இல் வெளியிட்ட கட்டுரையே இன்று வழங்கும் பெயர்களுக்கு அடிப்படை. இசிகாரா இம்பிக்ரிசெப்ஸ் எனப் புதிதாகப் பெயரிட்டது, ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் டிஸ்டன்ற் விவரித்த விரெசென்சே என்பது அதிலே தெளிவாயிற்று. டிஸ்டன்ற் அதனை முற்றிலும் வேறொரு சாதியில் வைத்திருந்தமையின், நெபோதெற்றிக்ஸ் பற்றி ஆராய்ந்தோர் அங்கே தேடாதது இயல்பே. அப்பிகாலிஸ் என வழங்கிவந்த இனத்துக்கும் நிக்ரோபிக்ரஸ் என்னும் பெயரே உரியதாயிற்று.

டிஸ்டன்ற் எழுதிய அத்தொகுதி இலங்கைக்கும் உரியது. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் விலங்குகளைப் பற்றி வெளிவந்த வரிசையில், உறிஞ்சு வாய்ப் பூச்சிகள் பற்றிய நான்காந் தொகுதி அது. இலங்கையிற் பூச்சியியலாராய்ப் பணிபுரிந்த கிறீன் புண்டலு ஓயா, பேராதனை முதலிய இடங்களிற் சேர்த்தனுப்பிய பூச்சிகள் பல அதில் இடம்பெற்றன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1903இல், மெலிக்கார் என்பவர் இலங்கையின் தத்தியினங்களும் அவற்றுக்கு உறவானவையும் பற்றித் தனிநூலே வெளியிட்டிருந்தார். டிஸ்டன்ற் வாழ்நாளில் எண்ணிறந்த இனங்களை விவரித்தவர். நிறமும் பொதுவடிவமும் சிறுபடமும் கொண்டு விரைந்து எழுதுவது அவர் வழக்கம். உறுப்புகளை வெட்டிப் பாராதது பற்றி அவரைப் பிற்காலத்தார் கடிந்துள்ளனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆயினும், அவர் ஊசியிற் குத்திப் பாதுகாத்த மாதிரி அழியாதிருந்தமையாலன்றோ அறுபதாண்டு கழித்து அவருக்கே உரிய பெயரை மீட்டுக்கொடுக்க முடிந்தது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஆணுறுப்பைக் கொண்டு வகுத்த வகுப்பு பெண்ணுக்கு நேரே பயன்படாது. பெண்ணின் வயிற்றிறுதித் தகட்டின் விளிம்பைச் சிலர் நோக்குவர்; எனினும் ஆணில் உள்ள தெளிவு அதில் இல்லை. அணங்கு எனப்படும் இளம்பருவத்தனவோ மேலும் கடினமானவை. இவையும் சாறுறிஞ்சுவன, இவையும் நோயைப் பரப்புவன. ஆகவே, வயலிற் கிடைத்த ஆண்களின் விகிதத்தைக் கொண்டே ஏனையவற்றைக் கணிக்கவேண்டிய நிலை உளது. லிங் என்னும் ஆராய்ச்சியாளர் விரெசென்சையும் நிக்ரோபிக்ரசையும் கூட்டினுள்ளே சேரவிட்டுக் கலப்பினத் தத்திகளைப் பெற்று, அவற்றின் நோய்பரப்பும் ஆற்றலைச் சோதித்ததும் 1968இலேயாம். பூட்டும் திறவுகோலும் பற்றிய பழைய கொள்கை முற்றும் உண்மையாயின், இக்கலப்பு நிகழ்ந்திருத்தலாகாது.

அவ்வாறாயின், திறந்த வயலில் அவை பெரிதும் கலவாது நிற்பதற்குக் காரணம் யாது? விடை வேறு திசையிலிருந்து வந்தது. இலைத்தத்தியின் வயிற்றடியில் முரசுத்தோல் போன்ற உறுப்பு உண்டு. மனிதர் செவிக்கு எட்டாத அதன் அதிர்வு, தத்தி நிற்கும் தண்டினூடாகச் சென்று அடுத்த தத்தியின் கால்களைச் சேரும். சுவீடன் நாட்டு ஒசியான்னில்சன் 1949இல் இவ்வுறுப்புகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். யப்பானிய ஆராய்ச்சியாளர் இனூவே 1982இல் வெளியிட்ட கட்டுரை நெபோதெற்றிக்ஸ் இனங்களையே பற்றியது. ஒவ்வோரினத்தின் ஆணும் தனக்குரிய தாளத்திலே அழைக்கின்றது என்பதும், இனங்கள் கலவாதிருத்தற்கு அவ்வழைப்பு காரணமாகின்றது என்பதும் அதனால் விளங்கின. புணருறுப்புகள் சந்திக்குமுன்னரே தேர்வு நடந்துவிடுகின்றது. அதனால் முட்களின் ஒழுங்கு பயனற்றதாகிவிடாது. இறந்து உலர்ந்த பூச்சி பாடாதன்றோ. அண்மைக்காலத்தில் உயிர்க்கலத்தின் டி.என்.ஏ. வரிசையைக் கொண்டும் இனங் காண்கின்றனர். பெண்ணுக்கும் அணங்குக்கும் அதுவே மிக்க துணை. ஆயினும் அவ்வரிசைக்குப் பெயர் கொடுப்பதற்கு முதலில் உறுப்பை ஆராய்ந்து உறுதிசெய்த ஆண்பூச்சி ஒன்று வேண்டியேயிருக்கின்றது.

வயற்காவலுக்கு இவையெல்லாம் எவ்வாறு உதவும் என்பதையும் கூறுதல் தகும். விளக்குப் பொறியில் விழுந்த பச்சைத்தத்திகளை ஒருங்கே எண்ணி, தொகை மிகுந்தது என்று மருந்தடிக்கப் புறப்படுபவர், அவற்றுட் பெரும்பகுதி வரம்புப் புல்லிலிருந்து வந்த நிக்ரோபிக்ரசாக இருத்தல்கூடும் என்பதை எண்ணுவதில்லை. தொகை குறைவென்று வாளாவிருப்பவரோ, வந்தவை சிலவே ஆயினும் அவை விரெசென்சாய், அயலிலே நோயுற்ற வயலும் இருப்பின், சில நாள்களில் நாற்று முழுதும் நோய் பரவலாம் என்பதை அறியார். பிலிப்பைன்சில் 1971இலும், தமிழ்நாட்டில் 1984இலும் துங்ரோ பெருகிப் பெரும்பரப்பில் நெல்லை அழித்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. தலைப்பட்டையைக் கைவில்லையாற் பார்த்து ஆண்களை இரு கூறாக்கி, ஐயத்துக்கிடமானவற்றுட் சிலவற்றை மட்டும் வெட்டிச்சோதித்தால், ஒரு முற்பகலில் ஒரு கிராமத்து வயல்களின் நிலையை அறிந்துவிடலாம்.

எதிர்ப்பாற்றலுள்ள நெல்லைத் தெரிவதிலும் இனங் காணலே முதற்படி. நெல்லாராய்ச்சி நிலையத்தார் பச்சைத்தத்தியை எதிர்க்கும் நெற்களைத் தேடியபோது, பங்கரி 203, திருநெல்வேலி அம்பாசமுத்திரத்தில் உருவான ஏ.எஸ்.டி. 7, ஐ.ஆர். 8 ஆகிய மூன்றிலும் மூன்று வெவ்வேறு பரம்பரையலகுகள் அவ்வெதிர்ப்பைத் தருகின்றன எனக் கண்டனர். சோதனைக் கூட்டில் விட்ட தத்திகளில் வேறோரினம் கலந்திருப்பின் இம்முடிபு எதுவும் நிலைத்திராது. இத்தகைய எதிர்ப்பைக் கொண்ட புதிய நெல்வகைகள் பல இடங்களில் முதலில் துங்ரோவுக்குத் தப்பின. காவியாகிய தத்தி விரும்பி உறிஞ்சாதபோது நோயும் பரவவில்லை. ஆயின் அந்நெல்லையே இடைவிடாது பயிரிட்ட நிலப்பகுதிகளிற் சில ஆண்டுகளுக்குள் தத்திக்கூட்டங்கள் அதற்குப் பழகிக்கொண்டன. அவ்வாறு பழகிய கூட்டத்து ஆணொன்றையும் பழகாத கூட்டத்து ஆணொன்றையும் கிளிசரீனிலிட்டு அருகருகே நோக்கின், புணர்தண்டின் முட்கள் இரண்டிலும் ஒரே ஒழுங்கில் நிற்கும், இரண்டும் விரெசென்சே. அவற்றிடையே உள்ள வேறுபாட்டை அறிவதற்கு இரண்டையும் அந்நெல்லின் நாற்றிலே விட்டு, எது உயிரோடிருக்கின்றது என்று பார்த்தலே வழி.